அதே லாட்டில் ஒரு துண்டு

அந்த அக்காவை யாராலும் அவசரப்படுத்த முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் திருப்பூர் டையிங்குக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை என்பேன். அந்த வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்தபோது, பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபுக்கு அவர்தான் இன்சார்ஜ். பையர் அனுப்பிய கலர்த் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கே மிஷின்ல ஏத்திருங்கக்கா, கப்பல் போயிருமுங்க" என்று மூச்சிரைக்க நிற்பேன். அவர் கத்தரியை எடுத்து, வந்து இறங்கிய துணி ரோலில் ஓரமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்வார். "ஒரு கப்பல் போனா இன்னொண்ணு வரும் கண்ணு. ஒரு துண்டு பாத்துக்கலாம்" என்பார்.

சாயத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் இது. சின்னத் துண்டைச் சின்னக் குவளையில் சாயம் போட்டு, இஸ்திரிப் பெட்டியில் காய வைத்து, லைட் பாக்ஸில் விதவிதமான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மொத்தத் துணியும் உள்ளே போகும். மற்ற லேப்களில் கொஞ்சம் கெஞ்சினால், போன தடவை போட்ட அதே கலர்தானே என்று தலையாட்டிவிடுவார்கள். இவரிடம் அந்தப் பருப்பு வேகாது. நேற்று போட்ட கருநீலத்தையே இன்று மறுபடி போட்டாலும் கத்தரி வெளியே வந்துவிடும்.

லேபோடு நின்றிருந்தால் தொழில் பக்தி என்று விட்டிருப்பேன். என் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் துணைக்கு வந்தார். கடைக்காரர் விரித்துப் போட்ட அரக்குச் சேலையின் முந்தி ஓரத்தை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து, தன் கைக்குட்டையில் ஒற்றிப் பார்த்தார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, பட்டுங்க இது."

"பட்டுன்னாச் சாயம் போகாதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அக்கா அடுத்த சேலைக்குப் போய்விட்டார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலை இன்றைக்கும் நிறம் மங்காமல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரசம் வைத்தால் ஒரு கரண்டி தனியாக எடுத்து அதில்தான் முதலில் உப்புப் போட்டுப் பார்ப்பார். வாடகைக்கு வீடு பார்த்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு மத்தியானம் படுத்துப் பார்ப்பார். பக்கத்துப் பவர்லூம் சத்தம் தாங்குமா என்று தெரிய வேண்டுமாம். வீட்டுக்காரர் வாசலில் நின்று தலையைச் சொறிவார். "இதெல்லாம் ஒரு பொழப்புங்களாக்கா" என்று கிண்டல் செய்தால் கோபம் வராது. "கெட்டாக் கரண்டியோட போகுமல்ல" என்பார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. பீகாரிலிருந்து புதிதாக வந்த ஹெல்பர், கேட்ட ரோலை விட்டுவிட்டு, வேறு தடவை வந்திறங்கிய பக்கத்து ரோலில் துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டான். துண்டில் கலர் அச்சாக வந்தது. மொத்தத் துணியில் பழுத்த மாதிரி வந்தது. "பையா, வோ லாட் அலக், யே லாட் அலக்குங்க" என்று இந்திக்கும் ஒரு 'ங்க' சேர்த்துத் திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வேற லாட்டுத் துணியில பாக்கறதும் பாக்காம இருக்கறதும் ஒண்ணுதான் கண்ணு. எதை நனைக்கப் போறமோ அதுல இருந்துதான் வெட்டோணும்" என்றார்.

அவர் தனியாகத்தான் இருந்தார். கணவர் மாரடைப்பில் போய்விட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொன்னதில்லை. பாயில் படுத்துப் பார்த்துத் தேறிய ஒரு வீட்டுக்கு அவர் குடிமாறியபோது, சாமான் கட்டிக்கொடுக்க நான் போனேன். பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அது கணவருடைய பெட்டி. அவர் பனியனில் படம் அச்சடிக்கிற யூனிட்டில் டார்க் ரூம் வேலை பார்த்தவர். அச்சுக்கு வேண்டிய பிலிமை இருட்டறையில் கழுவி எடுக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் சொந்தமாக ஒரு கேமரா வாங்கி, கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, தானே கழுவவும் செய்திருக்கிறார். பெட்டியில் அந்தக் கேமராவும், பிலிம் கழுவுகிற ஒரு டப்பாவும், கோயமுத்தூர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த இங்கிலீஷ் புத்தகங்கள் இரண்டும் இருந்தன. அடியில், 'சிவன்மலை' என்று பேனாவில் எழுதிய வெள்ளைப் பனியன் துணியில் சுற்றி ஒரு பிலிம் ரோல்.

அக்கா அதைக் கையில் எடுத்தார். சட்டி பானைகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இதுல என்ற புள்ள இருக்கறா கண்ணு" என்றார்.

பெண் குழந்தை. ஒண்ணாம் வகுப்பு. தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கப் புதுக் கவுன் போட்டுக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கணவர் கழுத்தில் கேமராவோடு வந்திருக்கிறார். திரும்பி வந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கையில் ஒரு சொட்டு ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டிய ஊசி. பார்க்கவில்லை. குழந்தை வீடு திரும்பவில்லை. இதனால்தான் அவர் அப்படி ஆனார் என்று எழுதினால் கதை கச்சிதமாக இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே தான் அப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பெத்தவள் பார்த்துப் பார்த்து அழுதால் அடுத்தது தங்காது என்று, குழந்தையின் துணிமணியோடு போட்டோக்களையும் மாமியார் வீட்டார் மூட்டை கட்டி நொய்யல் ஆற்றில் விட்டுவிட்டார்கள். அடுத்தது வரவே இல்லை. கேமராவுக்குள் இருந்த ரோல் யார் கண்ணிலும் படவில்லை. கணவர் அதை எடுத்து ஒளித்து வைத்தார். கழுவவும் இல்லை, மனைவியிடம் சொல்லவும் இல்லை. சாகிறவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

"மொகம் மறந்துபோச்சு கண்ணு" என்றார் அக்கா. "கலர் ஒரு இம்மி மாறுனாலும் கண்டுபிடிக்கற கண்ணு எனக்கு. என்ற புள்ள மூக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்தா, அவங்கப்பா மூக்குத்தான் வருது."

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அன்று சட்டி பானைகளைக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாளே யோசனை சொல்லத் தொடங்கிவிட்டேன். சென்னையில் இன்னும் பிலிம் கழுவுகிறவர்கள் இருக்கிறார்களாம், கொரியரில் போட்டுவிடலாம் என்றேன். "தொலைஞ்சுபோச்சுன்னா? அதும் போக, அவுங்க துண்டு பாத்துட்டா கழுவுவாங்க?" என்று கேட்டார். அவருக்கு வேண்டிய வழி அந்தப் பெட்டியிலேயே இருந்தது. கணவரின் புத்தகங்கள்.

அந்தப் புத்தகங்களை நானும் புரட்டினேன். லண்டனில் அச்சடித்தவை. எந்தப் பிலிமுக்கு எந்தக் கலவை, எதை முதலில் கரைப்பது, எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று பக்கம் பக்கமாக இருந்தது. அளவெல்லாம் அவுன்சு, டிராம், கிரெயின். "நெல்லுக் கணக்குங்களாக்கா இது?" என்று சலித்துக்கொண்டே செல்போனில் கிராமாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. பூச்சி தின்றுவிட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தில்தான் அந்த ரோலுக்குப் பொருந்துகிற கலவை இருந்தது. உஷ்ண தேசங்களுக்கென்று தனி அத்தியாயமே போட்டு, வெயிலில் பிலிமின் பூச்சு ஊதிக் கழன்றுவிடாமலிருக்க கிளாபர் சால்ட் சேர்க்கச் சொல்லியிருந்தான் எழுதியவன். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பது அதைத்தான். சோடாவும் அங்கே இருந்தது. ப்ளீச்சிங் வாடையைப் போக்க வைத்திருக்கும் ஹைப்போவும், அசிட்டிக் ஆசிட்டும் இருந்தன. மற்ற இரண்டு மூன்று மருந்தைக் கோயமுத்தூரில் வாங்கினோம்.

"நம்மூரத் தெரிஞ்சே எழுதியிருக்கறாங்க பாரு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பட்டறை லீவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் இல்லாத கெமிக்கல் ஸ்டோரைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கினோம். கலவை தயார். அப்போதுதான் பிரச்சினை வந்தது. துண்டு பார்க்க வேண்டும். எதில் பார்ப்பது?

"புதுப் பிலிம் ஒண்ணு வாங்கி அதுல பாக்கலாமுங்க்கா" என்றேன்.

"அது வேற லாட்டு கண்ணு."

ரோலுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த நுனியை வெட்டி முதலில் கலவையில் போட்டார். அது வெளிச்சம் பட்ட பிலிம், கறுத்துத்தான் ஆகும். கறுத்தது. மருந்து வேலை செய்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அளவு சரியா என்று பார்க்க, படம் இருக்கிற பிலிமிலேயே ஒரு துண்டு வெட்ட வேண்டும். புத்தகமும் அதைத்தான் சொன்னது. சந்தேகமான ரோலாக இருந்தால் வெளிநுனியிலிருந்து ஒரு சாண் வெட்டிக் கழுவிப் பார்த்துவிட்டு மீதியைத் தொடு என்று.

வாழ்நாளெல்லாம் வெட்டிய கை. அன்றைக்கு எழவில்லை. இரண்டு ஞாயிறு அந்த ஸ்டோர் வாசலில் ரோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, வெட்டாமலே வீட்டுக்குப் போனார். வெட்டுகிற இடத்தில் குழந்தை இருந்தால்? வெட்டாமல் முழுதாகக் கழுவி, மொத்தமும் கெட்டால்? கடைசியில் அவரே ஒரு கணக்குக்கு வந்தார். "ரோல் முடியாம அவரு கேமராவுல இருந்து சுத்தி எடுக்க மாட்டாரு. ஒரு படத்தைக்கூட வீணாக்காத மனுசன். முப்பத்தாறு படமும் எடுத்திருப்பாரு. மொதல்ல தேரு, கோபுரமுன்னு நாலஞ்சு எடுத்துட்டுத்தான் புள்ள பக்கம் திரும்பியிருப்பாரு. மொதத் துண்டு போனாப் போகுது." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருட்டுக்குள் போனார். கத்தரிச் சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

துண்டு கறுப்பாக வந்தது. கரி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா பதறவில்லை. துண்டு எதற்கு, தப்பைத் தெரிந்துகொள்ளத்தானே. இரண்டு புத்தகத்தையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழுதாக இருந்த புத்தகத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருந்தது. இந்தக் கலவைகளில் சோடா என்று சொன்னால் கட்டிச் சோடாவைத்தான் சொல்கிறோம், பொடிச் சோடாவாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று. கட்டிச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் சோடா என்றால் மூட்டையில் வரும் வெள்ளைப் பொடி ஒன்றுதான். வேறு சோடாவை இங்கே கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. பூச்சி தின்ற முதல் பக்கங்களில் அந்த எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும். மூன்று பங்குக் காரத்தில் அந்தத் துண்டு வெந்துபோயிருந்தது.

அளவைத் திருத்தினார். ஐஸ் வைத்துச் சூட்டைக் குறைத்தார். மீதி ரோல் முழுவதையும் டப்பாவில் போட்டுக் கழுவி, ஹைப்போவில் ஊற வைத்து, வெளியே எடுத்து விரித்தார். அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது. ஓரத்தில் கம்பெனி அச்சடித்த நம்பர்கள்கூடப் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒரு படம்கூட இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெறும் பிலிம்.

நான்தான் முதலில் அழுதேன். அக்கா அந்த நீளத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நம்பர் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரோலு முடியலை கண்ணு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு. புள்ள போனதும் சுத்தி எடுத்துட்டாரு. அவளுக்கு மேல வேற எதும் அதுல எடுக்க மனசு வந்திருக்காது."

வெட்டிய அந்தக் கரித்துண்டை லேபுக்கு எடுத்துப்போய் லைட் பாக்ஸில் முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். கறுப்புக்குள் அதைவிடக் கறுப்பாக இரண்டு கட்டம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டே படம். சிவன்மலையில் எடுத்தது அவ்வளவுதான். குழந்தை அதற்குள்தான் இருந்தாள்.

புத்தகத்தில் அதற்கும் வழி இருந்தது. அளவுக்கு மீறிக் கறுத்த பிலிமை வெளுக்க வைக்கிற ஒரு கலவை. சிவப்பாக ஒரு உப்பையும் ஹைப்போவையும் கரைத்து அதில் பிலிமைப் போட்டால் கறுப்பு மெல்ல மெல்லக் கரையும். வெளிச்சத்திலேயே செய்யலாம். பார்த்துக்கொண்டே இருந்து, வேண்டிய அளவு தெளிவதற்குச் சற்று முன்பே எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் படமே போய்விடும் என்று சாய்ந்த எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். மாதக் கணக்கில் தொடவில்லை.

"துண்டு எங்க கண்ணு வெட்டறது?" என்று ஒருமுறை கேட்டார். "இருக்கறதே ரெண்டு கட்டம். எதை வெட்ட?"

பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு பையரின் ஏதோ ஒரு பச்சையைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் லேபுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். தட்டில் மஞ்சளாகத் தண்ணீர். அதில் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் துண்டு கிடந்தது. பக்கத்திலேயே ஒரு வாளி நிறையத் தண்ணீர் தயாராக இருந்தது. அந்தத் தண்ணீர் அலுங்காமல் இருந்தது.

"அக்கா" என்றேன்.

"அவ வந்தா கண்ணு" என்றார். என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல கவுனு வந்துச்சு. அப்பறம் கையி. கறுப்புத் தட்டுல கெடந்ததால பிலிமு மாதிரி கறுப்பு வெள்ளை தலைகீழாத் தெரியல, நேரா, போட்டோவாட்டவே தெரிஞ்சுது. ரெண்டு கட்டத்துலயும் அவளேதான். ஒண்ணுல அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறா. இன்னொண்ணுல சிரிக்கறா. முன் பல்லு விழுந்திருந்துச்சே, அதுகூட எனக்கு மறந்துபோச்சு. என்ற அம்மா மூக்கு கண்ணு அவளுக்கு. அவரு மூக்கு இல்ல."

"எடுத்து வாளியில போட்டிருக்கலாமேங்க்கா." கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"எடுக்கோணும்னுதான் நின்னேன். கையிகூட நனைச்சுட்டேன். என்னையவே பாக்கறாட்ட இருந்துச்சு. பாத்துட்டே நின்னுட்டேன். எடுக்கற நெனப்பே வரல கண்ணு." தட்டை மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு, "அப்பறம் அவ இல்ல" என்றார்.

அந்தத் துண்டை எடுத்துக் கழுவித் துடைத்து, என்னிடம் கொடுக்காமல் தன் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என் கையிலிருந்த பச்சையை வாங்கி லைட் பாக்ஸில் வைத்தார்.

அந்தப் பட்டறையை மூடியபோது அக்கா தாராபுரத்தில் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார். போகும்போது இரண்டு புத்தகங்களையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார். எனக்கு வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பொங்கல், தீபாவளி என்று ஏதாவது சாக்கு வைத்துக் கூப்பிடுவேன். முட்டிவலி, தம்பி மகளுக்கு வரன், ஆற்றில் தண்ணீர் வந்தது, வரவில்லை என்று பேசுவார். போனை வைக்கும் முன்பு, நான் கேட்காமலே, குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்.

"இன்னும் தெரியறா கண்ணு. கண்ண மூடுனா மூக்கு தெரியுது, பல்லு தெரியுது."

"சந்தோசமுங்க்கா" என்பேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் முடியும்.

போன பொங்கலுக்கும் கூப்பிட்டேன். நிறையப் பேசினார். வீட்டு முன்னால் வைத்த முருங்கை காய்த்திருக்கிறதாம், கண்ணில் புரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம், என் மகன் எந்த வகுப்பு என்று கேட்டார். சரி கண்ணு, வெச்சர்றேன் என்றார். எப்போதும் சொல்கிற அந்த ஒன்றுக்காக நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரும் உடனே வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

நானும் கேட்கவில்லை.